மூன்று வயதுப் பிள்ளைக்குப் பள்ளி ஆயத்தமா?

பள்ளிக்கூடங்கள் திறக்கும் காலம் நெருங்கிவிட்டால் பங்குக் குருவின் அறையை நாடி வரும் பெற்றோரின் தொகை பெருகுவது எங்கும் உள்ள வழக்கமே. திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருவோர் சிலர். கன்னியர் நடத்தும் பள்ளியில் இடம் பெற்றுத் தரும்படி சிபாரிசுக் கடிதம் கேட்டு வருவோர் பலர். முப்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு வந்த பெற்றோரின் கையைப் பற்றிக்கொண்டு நின்ற பிள்ளைக்கு வயது ஐந்து. இன்று வருவோர் இடுப்பில் வைத்திருக்கும் பிள்ளைக்கு வயது மூன்று. சில வேளைகளில் அதுவும் நிரம்பியிராது.

நம் முன்னோர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கையில் நடந்த சோதனையைப் பெரியோர் பலரும் நினைவில் வைத்திருப்பர். பிறந்த தேதியை எழுதி வைக்கும் வழக்கம் இல்லாத காலம் அது. பிள்ளை தன் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளியில் இடம். தொடாவிட்டால், 'அடுத்த வருஷம் கூட்டி வாங்க' என்று வாத்தியார் அனுப்பிவிடுவார். அதை நினைத்து இன்று நகைக்கிறோம். எனினும் அதில் ஒரு நியாயம் இருந்தது. கை எட்டாத பிள்ளைக்குக் கொடுப்பதற்குத் தம்மிடம் ஒன்றுமில்லை என்பதை அக்காலப் பள்ளிக்கூடத்தார் அறிந்திருந்தனர். இன்றோ, கை எட்டாத பிள்ளையையே பள்ளி அழைக்கின்றது. அப்படியானால் சோதிக்கப்பட வேண்டியது பிள்ளையன்று, பள்ளியே. இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத எண்ணுகிறோம்.

அரசு எடுத்த முயற்சி

மழலையர் கல்வி என்றாலே அது கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளிகளின் சரக்கு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணித் திட்டத்தைத் தொடங்கிற்று. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது நிரம்பிய மழலையரும் அதில் சேர்க்கப்பட்டனர். இவ்வாறு வளர்ந்தவையே இன்று நாம் காணும் அங்கன்வாடிகள். மக்கள் நாவில் இன்றும் அது 'பால்வாடி'தான். தமிழ்நாட்டில் இப்போது 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. சத்துமாவு, முட்டை, எடை பார்த்தல், தடுப்பூசிக்கு நினைவூட்டல் ஆகியவற்றோடு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் ஒரு பாடத்திட்டமும் அங்கே உண்டு. பால்வாடியைச் சோறு போடும் இடமாக மட்டும் காண்போருக்கு இக்கடைசிச் செய்தி புதுமையாய் இருக்கலாம்.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது? 2002ஆம் ஆண்டின் 86ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கோ, பராமரிப்பும் கல்வியும் தர அரசு 'முயல வேண்டும்' என்று மட்டும் கூறிற்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவச முன்பருவக் கல்விக்கு அரசு 'ஏற்பாடு செய்யலாம்' என்றது. 'வேண்டும்' என்பதற்கும் 'செய்யலாம்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவைத் தமிழறிந்த யாவரும் அறிவர். ஏழை வீட்டுப் பிள்ளைகள் அந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள்.

இந்நிலையில் தமிழக அரசு ஒரு துணிவான அடி எடுத்து வைத்தது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் 2019 சனவரி 21ஆம் நாள் தொடங்கப்பட்டன. மூன்றாண்டுச் சோதனை முயற்சி என்று அறிவிக்கப்பட்டது. கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் 'எல்.கே.ஜி.' என்ற மூன்றெழுத்து வாய்த்ததை நாம் மனமார வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம்.

ஆனால், எண்ணம் நன்றாயிருந்த அளவுக்கு ஆயத்தம் இருந்ததா? தமிழ்நாட்டில் கல்வியாண்டு ஜூனில் பிறக்கிறது. வகுப்புகளோ சனவரியில் தொடங்கின. தொடங்கிய மறுநாளே, சனவரி 22 அன்று, அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் மாநிலமெங்கும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தொடக்கப் பள்ளிகளில் உபரியாய் இருந்த இடைநிலை ஆசிரியர்கள் இவ்வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கப் பயிற்சி பெற்ற எங்களை மூன்று வயதுப் பிள்ளைகளிடம் அனுப்புவது முறையா என்று ஆசிரியர் சங்கத்தார் நீதிமன்றம் சென்றனர். அதைப் பதவி இறக்கம் என்று சிலர் கருதினர். அப்படிக் கருதியது நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் பயிற்சியின்றி அனுப்பலாகாது என்ற அவர்களது வாதத்தில் உண்மை இருந்தது. மறுபுறம், பல்லாண்டுகளாக அப்பிள்ளைகளை மடியில் வைத்து வளர்த்த அங்கன்வாடிப் பணியாளர், புதிதாக வந்த டீச்சருக்கு முன் தாம் யார் என்று கேட்டனர். அங்கன்வாடி சமூக நலத்துறையின் பொறுப்பு. பள்ளி, கல்வித்துறையின் பொறுப்பு. ஒரே முற்றத்தில் இரண்டு துறைகள், நடுவில் பிள்ளைகள்.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் வந்து எல்லாக் கதவுகளையும் அடைத்தது. மழலையர் வகுப்புகள் மீண்டும் திறக்க 2022 பிப்ரவரி ஆயிற்று. அவ்வாண்டு ஜூனில், பள்ளிகளில் எல்.கே.ஜி. வகுப்புகள் இனி இல்லை, பிள்ளைகள் அங்கன்வாடியிலேயே பயிலட்டும் என்ற முடிவு வெளியாயிற்று. பெற்றோரும் கட்சிகளும் எதிர்ப்புத் தெரிவிக்கவே, சில நாள்களுக்குள் அம்முடிவு மாற்றப்பட்டு வகுப்புகள் தொடரும் என அரசு அறிவித்தது. பின்னர் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சிறப்பாசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். இது நம் மாநிலத்துக்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. 2024 ஜூனில் கர்நாடகத்தின் கலியாண கர்நாடகப் பகுதி அரசுப் பள்ளிகளில் எல்.கே.ஜி. தொடங்கியபோது அங்கேயும் அங்கன்வாடிப் பணியாளர் போராட்டத்தில் இறங்கினர்.

இவற்றை எழுதுவது எந்த அரசையும் குறை கூறுவதற்காக அன்று. பள்ளியை ஆயத்தம் செய்வது என்பது பெயர்ப்பலகை எழுதி, நாற்காலி வாங்கிப் போடுவதோடு முடியும் காரியமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

அனுப்பர்பாளையத்துத் தாயின் கடிகாரம்

அனுப்பர்பாளையம் என்றால் திருப்பூருக்கு வெளியே உள்ளோர்க்குப் பாத்திரம்தான் நினைவுக்கு வரும். பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகளின் ஓசை கேட்டே வளர்ந்த ஊர் இது. இன்று பட்டறைக்கு அடுத்த சந்திலேயே பனியன் கம்பெனியும் இருக்கிறது. பட்டறைக் குடும்பத்துத் தாய்க்கு ஒரு வசதி உண்டு: வீடும் வேலையும் அருகருகே இருக்கும், பிள்ளை கண் பார்வையில் விளையாடும். தீக்கும் தகட்டுக்கும் அருகே விளையாடுகிறதே என்ற அச்சம் வேறு. பனியன் கம்பெனிக்குப் போகும் தாய்க்கு அந்த வசதியும் இல்லை.

அவளுடைய நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். காலை எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். அப்போது வீடு திரும்ப இரவு எட்டரையும் ஆகும், ஒன்பதும் ஆகும். செக்கிங், கைமடித்தல், பிசிறு வெட்டுதல் ஆகிய வேலைகளில் இருப்போர் பெரும்பாலும் பெண்கள். அந்த அரை ஷிப்ட் கூலியில்தான் வாடகை கட்ட வேண்டும். 'வர முடியாது' என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்தோ, பீகார், ஒடிசாவிலிருந்தோ வந்து குடியேறிய குடும்பங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் இல்லை, அத்தையும் இல்லை.

பால்வாடியோ பள்ளியோ மாலை நான்கு மணி அளவில் பூட்டப்படுகிறது. நான்கிலிருந்து எட்டரை வரை அந்த மூன்று வயதுப் பிள்ளை எங்கே இருக்கும்? வீடு மந்திரிக்கச் செல்கையில் இக்கேள்வியை நாம் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம். ஏழு வயது அக்காள் பார்த்துக்கொள்வாள் என்பது ஒரு விடை. லைன் வீட்டுக்காரம்மா ஒரு கண் வைத்திருப்பார் என்பது மற்றொரு விடை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் செல்போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று ஒரு தாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை. கடிந்துகொள்வதற்குரியோர் அந்த வீட்டில் இல்லை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதை முன்னரே கண்டிருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அதன் 48ஆம் பிரிவு விதித்தது. 2017ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம் ஐம்பது தொழிலாளர் உள்ள எந்நிறுவனத்துக்கும் காப்பகத்தைக் கடமையாக்கிற்று. ஆனால் திருப்பூரின் தொழில் பெரிய ஆலைக்குள் மட்டும் நடப்பதன்று. தைப்பது ஒரு கூடத்தில், செக்கிங் இன்னொரு கூடத்தில், அயர்னிங் வேறொரு தெருவில் என்று துண்டுதுண்டாகப் பிரிந்து கிடக்கும் தொழில் இது. பத்துப் பேரும் பதினைந்து பேரும் வேலை செய்யும் கூடங்கள் அந்த எண்ணிக்கைக்குள் வாரா. ஆகவே சட்டம் ஏட்டில் இருக்கும். பிள்ளை தாழ்ப்பாளுக்குப் பின் இருக்கும்.

இதனாலேயே, மழலையர் வகுப்புக்குப் பள்ளியை ஆயத்தம் செய்வோர் முதலில் பார்க்க வேண்டியது பாடப்புத்தகத்தையன்று, தாயின் கடிகாரத்தை என்று நாம் கருதுகிறோம். நகரத்துக் கல்வி அறிஞர் பலர் இதைக் கல்விப் பிரச்சினையாகவே ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு கத்தோலிக்கப் பெண்மணியின் பள்ளி

தொழிலாளர் குடியிருப்பில் தனித்து விடப்பட்ட பிள்ளைகளிடமிருந்தே இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கல்விப் புரட்சி ஒன்று பிறந்தது என்பதை நம் வாசகர்களில் எத்தனை பேர் அறிவர்? உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதி அக்காலத்தில் வறுமைக்குப் பேர்போன இடம். அங்கே புதுப்பிக்கப்பட்ட அடுக்குக் குடியிருப்பில் பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறு பிள்ளைகள் படிகளிலும் தாழ்வாரங்களிலும் திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். சுவரைக் காப்பாற்ற வேண்டும் என்பது கட்டட நிர்வாகத்தாரின் கவலை! அப்பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மரிய மொந்தெசோரி என்னும் மருத்துவரிடம் வந்தது. 1907ஆம் ஆண்டு சனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று, அந்த முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது.

அவர் செய்ததென்ன? பிள்ளைகளை மேசைக்கு உயர்த்தவில்லை. மேசையைப் பிள்ளைகளுக்குத் தாழ்த்தினார். அவர்கள் கைக்கு எட்டும் அலமாரி, அவர்களே தூக்கக்கூடிய நாற்காலி, அவர்களே ஊற்றிக் குடிக்கக்கூடிய குவளை. கை கழுவவும் பொத்தான் போடவும் இடத்தைப் பெருக்கவும் கற்பித்தார். எழுத்து அதன்பின் வந்தது. இதே அம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பதும், உலகப் போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலில் சில ஆண்டுகள் பணிபுரிந்தார் என்பதும் தமிழகத்துக்குப் பெருமை. ஆனால் அவர் பெயரைப் பலகையில் தாங்கி நிற்கும் பள்ளிகள் சிலவற்றுள் நுழைந்து பார்த்தால், நாற்பது பிள்ளைகள் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கக் காண்கிறோம்.

கழிவறை, தொட்டி, கூரை

ஆயத்தம் என்பதில் நாம் மிகுதியாய் வற்புறுத்த விரும்புவது இதையே. மூன்று வயதுப் பிள்ளை பள்ளிக்கு வந்த முதல் வாரத்தில் எழுத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சிறுநீர் வந்தால் யாரிடம் சொல்வது என்றே கவலைப்படுகிறது. பெரிய பிள்ளைகளுக்கெனக் கட்டிய கழிவறையில் படி உயரம், தாழ்ப்பாள் எட்டாது, உள்ளே இருட்டு, தண்ணீர்க் குழாய் தலைக்கு மேலே. பிள்ளை அடக்கிக்கொள்கிறது. அடக்கிக்கொள்வதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. பின்னர் ஆடையை நனைத்துக்கொண்டு அவமானப்பட்டு, மறுநாள் பள்ளி என்றாலே அழுகிறது. பெற்றோர் அதைப் 'படிப்பில் விருப்பமில்லை' என்று பொருள் கொள்கின்றனர். தாழ்வான இருக்கை, உள்ளிருந்து பூட்டாத கதவு, கைக்கு எட்டும் குழாய், கூடவே முகம் சுளிக்காத ஓர் ஆயம்மா: இவ்வளவு இருந்தால் பாதிப் பிள்ளைகளின் அழுகை நின்றுவிடும். ஆனால் திறப்பு விழா அழைப்பிதழில் ஆயம்மாவின் பெயரை எவரும் அச்சிடுவதில்லை.

உயிரைப் பற்றிய செய்தியும் இதில் அடங்கியிருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளை மாய்த்தது. அதன் பிறகே நம் நாட்டுப் பள்ளிகளில் கூரையும் படிக்கட்டும் வெளிவாயிலும் கண்டிப்பாகச் சோதிக்கப்படலாயின. 2025 சனவரியில் விழுப்புரம் மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. பயின்ற குழந்தை கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. மூடி என்ற பெயரில் இருந்த ஒரு தகட்டைப் பெரியவர்கள் நாள்தோறும் தாண்டிச் சென்றிருப்பர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சுற்றிக்கொண்டு போகும் இடத்தில் மூன்று வயதுப் பிள்ளை ஏறி நிற்கும். ஒரு பள்ளியில் மழலையர் வகுப்பு தொடங்குமுன், பொறுப்பிலுள்ளோர் ஒரு முறை வளாகம் முழுவதையும் குந்திக்கொண்டு, பிள்ளையின் கண் உயரத்திலிருந்து பார்க்கட்டும். தொட்டி, தரைமட்டத் தண்ணீர்த் தேக்கம், மின் இணைப்புப் பெட்டி, சமையற் கூடத்துக் கொதிக்கும் அண்டா ஆகியவை அப்போது கண்ணில் படும்.

பென்சில் காத்திருக்கட்டும்

நம் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். எல்.கே.ஜி. சேர்ந்து இரண்டு மாதமாகியும் 'அ' எழுதவில்லையே என்று ஆசிரியையை நெருக்காதீர்கள். மனித மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றுட் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக முற்றுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். அக்கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டில் வரிவரியாக எழுதச் செய்வது, பச்சை மண்ணாலான பானையில் தண்ணீர் பிடிப்பதைப் போன்றது. களிமண் உருட்டுதல், மணி கோத்தல், மணலில் விரலால் கோடிழுத்தல், காகிதம் கிழித்து ஒட்டுதல், இவைதாம் அவ்வயதின் எழுத்து வேலை. பெற்றோர் பார்வைக்கு இவை விளையாட்டு. மாதக் கட்டணம் கட்டியவர் விளையாட்டுக்கா கட்டினோம் என்று கேட்கிறார். பள்ளியும் அவர் மனம் கோணாதிருக்க வீட்டுப்பாடம் கொடுக்கிறது. இவ்விதம் பெற்றோர் பள்ளியையும், பள்ளி பெற்றோரையும் காரணம் காட்டி, நடுவில் பிள்ளையின் விரலை நோகச் செய்கின்றனர். அரசின் மழலையர் வகுப்புகளும் இந்தப் போட்டியில் இறங்கித் தனியார் பள்ளியைப் போல் தோன்ற முயலக் கூடாது என்பது நம் விருப்பம். பால்வாடியின் பாட்டும் கதையும் எல்.கே.ஜி. என்ற பெயர் வந்ததும் மறைந்து போனால் அது இழப்பேயாகும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். அனுப்பர்பாளையம் சுற்றுவட்டாரத்துச் சந்துகளில் இன்று ஒடியாவும் இந்தியும் கேட்கின்றன. ஒடியா பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை முதல் மாதம் ஊமையைப் போல் உட்கார்ந்திருக்கும். நான்காம் மாதம் பக்கத்துப் பிள்ளையோடு தமிழில் சண்டை போடும். அதை நாமே கண்டிருக்கிறோம். அந்த முதல் மாதத்தில் அதற்கு வேண்டியது 'தண்ணி', 'வலிக்குது', 'அம்மா' என்ற இம்மூன்றையும் அதன் வீட்டு மொழியில் புரிந்துகொள்ளும் ஒருவர். இதற்குச் சிறப்புப் படிப்பு வேண்டியதில்லை. ஆசிரியை அந்தத் தாயிடம் கேட்டுப் பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் போதும்.

இத்தனையையும் செய்ய வேண்டிய அந்த ஆசிரியைக்கு நாம் என்ன தருகிறோம்? மாதம் 5,000 ரூபாய் என்பது, அதே தெருவில் செக்கிங் வேலைக்குப் போகும் பெண் மாதம் முழுதும் சென்றால் பெறுவதைவிடக் குறைவு. பனியனில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைப்பது, பிள்ளையின் மனத்தைக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கவில்லை. நம்முடைய சில தனியார் மழலையர் பள்ளிகளின் சம்பளப் பட்டியலும் இதைவிடச் சிறந்ததாக இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

நம் வீட்டைப் பற்றி

கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றிப் பேசாமல் அரசுப் பள்ளியைப் பற்றி மட்டும் எழுதினால் வாசகர் நம்மை நம்ப மாட்டார். தனியார் பள்ளிகள் தம் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவினர்க்கு அளிக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் எல்.கே.ஜி. சேர்க்கையாகவே நடக்கிறது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. நம் உரிமையைக் காத்த தீர்ப்பு அது, அதில் ஐயமில்லை. ஆயினும், சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தாத ஒன்றை, குழந்தைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடரைக் கடிந்துகொண்ட ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்க்க மாட்டாரா? நம் பள்ளிகளின் எல்.கே.ஜி. வகுப்பில் பிசிறு வெட்டும் தாயின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு தாளாளரும் வருகைப் பதிவேட்டைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம். பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோரையும் பிள்ளையையும் தேர்வு செய்வதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. அதையும் சேர்த்து நினைவூட்டுகிறோம்.

பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் வற்புறுத்துகிறது. நாம் அதை மறையுரைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். ஆனால், இரவு ஒன்பது மணிக்குக் கால் வீங்கி வீடு திரும்பும் தாய் எந்த வேளையில் ஆசிரியராய் இருப்பார்? அவருக்கு அந்த வேளையைத் தேடித் தரும் பொறுப்பு மற்றவர்களுடையது; பங்குச் சமூகமும் அம்மற்றவர்களில் ஒன்று.

அரசு மழலையர் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் அங்குள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்துக்குத் தவறாமல் செல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் பெரும்பான்மையினர் பெற்றோரே. 'நமக்கென்ன தெரியும்' என்று ஒதுங்காதீர்கள். தொட்டிக்கு மூடி இருக்கிறதா, ஆயம்மா உண்டா, குழாய் எட்டுகிறதா என்று கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் மூடி வரும். சனிக்கிழமை சம்பள நாளாயிற்றே, எப்படிப் போவது என்று தாய்மார் கேட்டனர். தந்தையர் போகலாம் என்பதே நம் விடை. பிள்ளையின் பள்ளிக் காரியம் தாய்க்கு மட்டும் உரியது என்று எங்கும் எழுதப்படவில்லை.

மாலை நான்கு முதல் எட்டரை வரை என்ற அந்த நேரத்துக்கு நம் பங்கு ஒரு சிறு ஏற்பாட்டைச் செய்ய முற்பட்டுள்ளது. பங்கு மண்டபம் திருமண நாள்கள் தவிரப் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அதில் திங்கள் முதல் சனி வரை, எம்மதத்தவர் பிள்ளையாயினும், மூன்று முதல் ஆறு வயதினர் இருபது பேரை வைத்துக்கொள்வதாக அன்பியப் பொறுப்பாளர் கூட்டத்தில் முடிவாயிற்று. ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருவரும், முன்னர் பால்வாடியில் பணிபுரிந்த அம்மா ஒருவரும் முன்வந்துள்ளனர். எந்நேரமும் இரண்டு பெண்களாவது உடனிருக்க வேண்டும். பிள்ளையை அழைத்துச் செல்ல வருபவர் யார் என்பது பதிவேட்டில் ஒளிப்படத்தோடு இருக்க வேண்டும். தனியே எவரும் பிள்ளையை அழைத்துச் செல்லக் கூடாது. இவ்விதிகளில் தளர்வில்லை. ஐந்து மணிக்குச் சுண்டலும் பாலும், ஏழு மணிக்குச் சோறு. வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசிக்குப் பொறுப்பேற்றுள்ளனர். பாலுக்கு இன்னும் ஒருவர் வேண்டும். அருகிலுள்ள கம்பெனி முதலாளிகள் இருவரிடம் பேசியிருக்கிறோம். இடம் தருவதில் தாராளம் காட்டிய அவர்கள், ஒன்றரை ஷிப்டைக் குறைப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்பேச்சைத் தொடர்வோம்.

பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார் ஞாயிறு முதல் பூசைக்குப் பின் உபதேசியாரிடம் சொல்லலாம். இருபது பேருக்கு மேல் வந்தால், பாட்டியோ அத்தையோ இல்லாத வீட்டுக்கு முதலிடம். மண்டபத்தின் பின்புறக் கழிவறையில் தாழ்வான இருக்கைகள் இரண்டும், தொட்டிக்கு இரும்பு மூடியும் பொருத்துவதற்குக் கொத்தனார் செவ்வாய்க்கிழமை வருகிறார். அவ்வேலை முடிந்து, மூடியின் மேல் நாம் ஏறி நின்று பார்த்த பிறகே மண்டபம் திறக்கப்படும்.